ஏறி வந்த வேனை எப்போது அணைப்பது

அப்பா லொறியை நிறுத்தும்போது முதலில் சத்தம் நிற்கும். சக்கரம் அதற்குப் பிறகுதான் நிற்கும். தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. லொறியின் மூக்கு அந்த மேட்டில் ஏறிச் சாய்ந்ததுமே எஞ்சினை அணைத்துவிடுவார். மீதி இருபது முப்பது அடியைக் கொழுந்துச் சாக்குகளின் பாரமே உருட்டிக்கொண்டு போகும். வாசலில் சரியாக வந்து நிற்கும். ஒரு நாளும் ஓர் அடி முன்னே பின்னே நின்றதில்லை.

நின்றதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வந்து சேர்ந்ததற்காக ஒரு பரலோக மந்திரமும் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் அருள்நிறை மந்திரம் மூன்றும் சொல்வார். தொண்ணூறுகளில், பள்ளிக்கூட விடுமுறை நாட்களில், நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்திருக்கிறேன். மந்திரம் முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. சாக்கு இறக்குகிற ஆட்களும் அதுவரை பின்பலகையைத் தொடமாட்டார்கள். வெளியே யாராவது அவசரப்பட்டால், "டிரைவர் இன்னும் மோட்சத்துல இருக்காரு" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

எஞ்சினை அவ்வளவு சீக்கிரம் அணைப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் டீசலை அளந்துதான் கொடுப்பார்கள். நான் பிறப்பதற்கு முன், மழையில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அப்பா ஒருமுறை காத்திருந்தாராம். அந்த வழியாக வந்த தோட்டத்து மேலாளர், தொரை, அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு அரைப்பேர்தான் என்று சொல்லிவிட்டார். நாள் முழுக்க உழைத்துவிட்டு அரை நாள் கூலியோடு வீட்டுக்கு வருவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். அப்பாவுக்குக் கூலி போனது பெரிதாகப் படவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், மற்றவர்கள் முன்னால், தன் பெயர் அப்படி வாசிக்கப்பட்டதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. அதற்குப் பிறகு நிற்கிற வண்டியில் எஞ்சின் ஓடியதே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டம் பழைய லொறிகளை விற்றது. அப்பாவும் வேலையிலிருந்து நின்றார். அப்போது வீட்டில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று கொழும்பு. அங்கே இருந்த சித்தப்பா, ஓர் இரும்புக் கடையில் அப்பாவுக்குக் காவல் வேலை பார்த்து வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே படுத்துக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். மற்றது ஒரு பழைய வேன் வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பதுளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவது. வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேவைப் பணம் ஒரு வேனுக்குத்தான் போதும். அந்த வேன் பழுதானால் இன்னொன்று வாங்க வழியில்லை.

அம்மா நீளமாகப் பேசுகிறவர் இல்லை. "வண்டி சரிவந்தா இருங்க. இல்லாட்டி தை மாசம் கொழும்புக்குப் போங்க" என்றார். சொல்லிவிட்டு, பதுளை பஜாரில் ஒரு நீலப் பயணப் பையும் வாங்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்தார்.

நான் அப்போது பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பாடம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வேனைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார். நான் வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். மலையில் ஆளேற்றி ஏற வேண்டும் என்பதால் டர்போ உள்ள டீசல் வேன்தான் வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் பட்டியலில் பாதிக்கு மேல் ஒயில் பற்றியதாகவே இருந்தது. டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சின்னச் சக்கரம். எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளுவது அதன் வேலை. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் சுழலும் அதன் தண்டு, ஒரு மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒயில் கெட்டாலும் குறைந்தாலும் முதலில் போவது அந்தத் தண்டுதான். ஆகவே, ஒயிலைப் பார்த்தால் அந்த வண்டியை ஓட்டியவரைப் பார்த்த மாதிரி.

முதல் வேன் தெமோதரையில் இருந்தது. தரகர் ஒருவர் காட்டினார். வெள்ளை நிறம், இருக்கைகளுக்குப் புது உறை, எஞ்சினை விளக்கி வைத்த செம்பு மாதிரித் துடைத்திருந்தார்கள். அப்பா ஒயில் பார்க்கும் கம்பியை உருவினார். அவர் முகம் மலர்ந்தது.

"பாரு பாப்பா, தேன் மாதிரி இருக்கு."

எனக்கு அந்தத் தேன்தான் பிடிக்கவில்லை. டீசல் எஞ்சினில் ஊற்றிய ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அது அழுக்கு இல்லை, கரியைக் கழுவி எடுக்கிற வேலையை ஒயில் செய்கிறது என்று அர்த்தம். தேன் மாதிரி இருந்தால், நேற்றோ முந்தாநாளோ ஊற்றியிருக்கிறார்கள். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு நேற்று ஒயில் மாற்ற வேண்டும்? பழைய ஒயிலை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும். கம்பியில் ஒட்டியிருந்ததை விரல்களுக்கிடையே தேய்த்தேன். பாகு போல இழுபட்டது. புகையை மறைக்கவும் சத்தத்தை அமுக்கவும் தடித்த கலவை எதையாவது சேர்த்திருக்கலாம். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நாங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குளிர்ந்த எஞ்சின் மறைக்காததைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

டர்போவிலிருந்து காற்றுப் போகிற ரப்பர்க் குழாயைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தரகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். நானே கழற்றினேன். உள்ளே விரல் விட்டால் வழிகிற அளவுக்கு ஒயில். லேசான ஈரம் இருந்தால் கவலையில்லை, இப்படி வழியக் கூடாது.

இருந்தாலும் ஓட்டிப் பார்த்தோம். பாலம் வரை இறங்கித் திரும்பி ஏறும்போது, அப்பா காலை அழுத்தியதும் பின்னால் நீலமாக ஒரு திரை எழுந்தது. ஒயில் எரிந்தால் அந்த நிறம்தான் வரும். நான் கண்ணாடியில் அதைக் காட்டினேன்.

"புகையில்ல தங்கச்சி, மலையில பனி எறங்குது" என்றார் தரகர். காலை பதினொரு மணி, நல்ல வெயில்.

"நமக்கு முன்னாடி போற பஸ்ஸுக்குப் பின்னால மட்டும் எறங்கல போல" என்றேன்.

திரும்பும் வழியிலும் அப்பாவின் மனம் அங்கேயே இருந்தது. அந்த வேன் அவருக்குப் பிடித்திருந்தது. ஹாலிஎல தாண்டியதும், "நீ பரீட்சைப் பேப்பரு திருத்துற மாதிரி வண்டி பாக்குற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் கொழும்புப் பேச்சை அவரே எடுத்தார்.

இரண்டாவது வேன் பதுளை நகரத்திலேயே இருந்தது. அதன் சொந்தக்காரர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர், பிரதம எழுதுநர். மாற்றல் கிடைத்து ஊருக்குப் போகிறார், அங்கே இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை என்று விற்கிறார். நாங்கள் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முதல்நாள் தொலைபேசியில் கேட்டிருந்தேன். அவர் அதற்காக அன்றிலிருந்தே கச்சேரிக் கந்தோருக்கு பஸ்ஸில்தான் போய் வந்திருந்தார். எஞ்சின் மூடி மலைக்காலைக் குளிரில் சில்லென்று இருந்தது. பட்டியலில் முதல் வரிக்குச் சரி போட்டேன்.

இந்த முறை ஒயில் கம்பி கரிக்கட்டை போல வெளியே வந்தது. அப்பா விரலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், தேனை விட்டுவிட்டு இதற்கா வந்தோம் என்ற கேள்வி இருந்தது. சொந்தக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"டீசல் வண்டியெண்டால் கறுக்கத்தான் செய்யும் ஐயா. கறுக்காட்டித்தான் யோசிக்க வேணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா அரை லீற்றர் மேலால ஊத்த வேணும். எல்லாம் இதில எழுதிக் கிடக்கு."

அவர் நீட்டியது ஒரு பயிற்சிக் கொப்பி. ஒவ்வொரு முறை ஒயில் மாற்றியதும், பில்டர் மாற்றியதும், மீட்டர் எத்தனையில் நின்றது என்பதும் கச்சேரிக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் தார்ப்பசை இல்லை. குழாயில் ஈரம் மட்டும் இருந்தது. டர்போவின் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசைந்தது. அவ்வளவு அசைவு இருக்க வேண்டியதுதான். குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பில் பற்றியது. நீலப் புகை இல்லை. அந்தக் கொப்பியைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். என்னைப் போல ஒருவர் வைத்திருந்த வண்டி.

சாவியைக் கொடுக்கும்போது அவர் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"மலை ஏறி வந்த உடன நிப்பாட்டிப் போடாதேங்கோ. ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடுங்கோ. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

"ஆமாங்க சார்" என்றார் அப்பா.

பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். காலையில் இறக்கம், பிற்பகலில் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், எங்கள் மாதா கோயில் முற்றத்தின் சமதரையில் வேனை நிறுத்தி ஒயில் அளவைப் பார்ப்பேன். சரிவில் பார்த்தால் கம்பி பொய் சொல்லும். அந்தக் கச்சேரிக் கொப்பியிலேயே அடுத்த பக்கத்திலிருந்து நான் எழுதத் தொடங்கினேன்.

முதல் ஞாயிறு சரியாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு கொஞ்சம் இறங்கியிருந்தது. நான்காவது ஞாயிறு, இரண்டு மாதத்துக்குப் போதும் என்ற அரை லீற்றரை ஊற்ற வேண்டியிருந்தது. ஆறாவது ஞாயிறு இன்னொரு அரை லீற்றர். அடியில் எங்கும் ஒழுகவில்லை. ரப்பர்க் குழாயைக் கழற்றினேன். ஈரம் துளியாகத் தொடங்கியிருந்தது.

அம்மா அன்றைக்குக் கட்டிலுக்கடியிலிருந்த பயணப் பையை எடுத்து வெயிலில் காயவைத்தார். புதுப் பை பூஞ்சணம் பிடிக்கக் கூடாது என்றார். 

நான் என் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதைத் தவறவிட்டேன் என்று தெரியவில்லை. பத்தொன்பது வரிகள், பத்தொன்பது சரிக்குறிகள். எல்லா வரிகளும் விற்கிறவரைப் பற்றியும் அவருடைய வண்டியைப் பற்றியும்தான் இருந்தன என்பது அப்போது எனக்குப் படவில்லை. மறுநாள் கல்லூரி முடிந்து பஸ்ஸைப் பிடிக்காமல், பிள்ளைகளோடு வேனில் ஏறி வந்தேன். கடைசி வளைவு செங்குத்து. பன்னிரண்டு பிள்ளைகளும் புத்தகப் பைகளுமாக வேன் திணறி ஏறியது. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலேயுள்ள மைதானத்து விளிம்பில் அதன் மூக்கு சாய்ந்தது. சத்தம் நின்றது. சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. கோயில் சுவருக்கு ஓர் அடி முன்னால் சரியாக வந்து நின்றோம். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

மந்திரம் முடியும்வரை காத்திருந்தேன். பிள்ளைகள் இறங்கிப் போனதும் கேட்டேன்.

"அந்தச் சாரு என்னப்பா சொன்னாரு?"

"ரெண்டு நிமிசம்னாரு."

"நீங்க?"

"நிக்கிற வண்டிக்கு எதுக்கு டீசலு?"

அவரை இறக்கி, எஞ்சினைத் திறந்து காட்டினேன். ஏறி வந்தால் இந்த டர்போச் சக்கரம் நெருப்பாகக் காய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்தால் ஒயிலைத் தள்ளுகிற பம்பும் நின்றுவிடும். ஆனால் சக்கரம் உடனே நிற்காது. அந்தச் சூட்டில் தண்டைச் சுற்றி நிற்கிற ஒயில் தாளிக்கிற சட்டியில் மறந்துவிட்ட எண்ணெய் மாதிரிக் கருகி, கரியாகப் படியும். அடுத்த நாள் தண்டு அந்தக் கரியில் உரசும். தோட்டத்து லொறியில் டர்போ இல்லை, அதற்கு அந்தப் பழக்கம் கெடுதல் செய்யவில்லை. இதற்குச் செய்கிறது. அப்பா குனிந்து கேட்டார். நல்ல டிரைவர், ஒரு தரம் சொன்னால் போதும். "வெளங்குச்சு" என்றார்.

விளங்கியதால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் கை தானாகவே சாவிக்குப் போய்விட்டது. அதற்கடுத்த நாள் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினேன். அதன் மேலே கை போனது. ஒருநாள் என் முன்னாலேயே முயன்றார். வேன் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பல் பிடுங்கக் காத்திருக்கிற ஆளைப் போல இருந்தார். தண்ணீர்க் குடத்தோடு போன ஒருவர், "என்ன டிரைவரண்ணே, புது வண்டி நிக்க மாட்டேங்குதா?" என்று கேட்டதுதான் தாமதம், சாவி திரும்பிவிட்டது.

"கை கேக்க மாட்டேங்குது பாப்பா" என்றார். "யாரோ பின்னாடி நின்னு பாக்குற மாதிரியே இருக்கு."

யார் என்று நான் கேட்கவில்லை. மழையில் நின்று பார்த்த அந்தத் தொரை ஊரை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் சந்தைக்குப் போய்விட்டு அப்பாவும் நானும் மட்டும் ஏறி வந்தோம். வழக்கம்போலச் சத்தம் நின்றது, சக்கரம் நின்றது, தொப்பி மடிக்கு வந்தது. பிள்ளைகள் இல்லாததால் வேனுக்குள் அமைதி. அப்பா பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். அவருடைய குரலுக்கு அடியில் மெல்லிய சீட்டிச் சத்தம் ஒன்று கேட்டது. அணைந்த எஞ்சினுக்குள் டர்போ சுற்றிக்கொண்டிருந்தது. ஒயில் வராமல், தனியாக. மந்திரத்தின் இரண்டாவது வரியில் அது தேய்ந்து நின்றது. அப்பா தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். செபத்தின் நடுவே கடிகாரம் பார்ப்பது தவறுதான். மூன்றாவது அருள்நிறை மந்திரம் முடிந்து அவர் சிலுவை போட்டபோது, இரண்டு நிமிடத்துக்குப் பத்து விநாடிதான் குறைவாக இருந்தது.

நிற்கிற வண்டியில் இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார அப்பாவுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. நான் பட்டியலில் புதிதாக எதையும் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும்.

"அப்பா, நாளையிலருந்து மொதல்ல மந்திரம். அப்புறம் சாவி."

அவர் தொப்பியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "எஞ்சின் சத்தத்துக்குள்ள சொன்னா மரியாதையா இருக்குமா?"

"காலைல சிலுவை போட்டுக்கிட்டுதான வண்டிய எடுக்குறீங்க? அப்பவும் எஞ்சின் ஓடுதுதான?"

"அது சின்னது. இது முழு மந்திரம்."

இதை என்னால் தீர்க்க முடியவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு அப்பாவே பங்குச் சாமியாரை வேனுக்கு அழைத்து வந்தார். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார், நான் தண்டைக் காட்டினேன். அவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டது தெரிந்தது. "சொல்லுங்க, நல்லதுதான். ஆனா டர்போவுக்காகன்னு சொல்லாதீங்க. புள்ளைங்க பத்திரமா வந்ததுக்காகச் சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை பிற்பகல் நான் வேண்டுமென்றே வேனில் ஏறவில்லை. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் முன்னதாகவே வந்து, மைதானத்துக்குக் கீழே படிக்கட்டில் நின்றேன். வேன் கடைசி வளைவில் ஏறியது, விளிம்பில் சாய்ந்தது. சத்தம் நிற்கவில்லை. சக்கரம் முதலில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் தொப்பி இறங்குவது தெரிந்தது. எனக்குத் தெரிந்து, அவர் நிறுத்திய வண்டியில் எஞ்சின் இரண்டு நிமிடம் முழுதாகச் சும்மா ஓடியது அன்றுதான் முதல் தடவை. அவர் அதைச் சும்மா ஓடவிடவில்லை என்பதுதான் விஷயம்.

பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டுப் பேர் கோயில் என்றால் முருகன் கோயில் என்று நினைக்கிறவர்கள். ஒரு மாதத்தில் அவர்களுக்கும் மந்திரம் மனப்பாடமாகிவிட்டது. பிள்ளையை அழைத்துப்போக வந்து கதவைத் தட்டுகிற தாய்மாரிடம் அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இருங்கம்மா, இன்னும் ஒரு மரியே பாக்கி" என்பார். மழை நாட்களில், எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று எல்லோரையும் விட வேகமாகச் சொல்லி முடித்துவிடும். அவளை முன்னிருக்கையில் உட்காரவைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவளோடு சேர்ந்து அப்பாவும் வேகமாகச் சொல்கிறார், நேரம் குறைகிறது.

கொப்பியில் ஞாயிறுகள் சேர்ந்தன. கருகியது கருகியதுதான், தேய்ந்த தண்டை எந்தச் செபமும் நிமிர்த்தாது என்று எனக்குத் தெரியும். குழாயின் ஈரம் அப்படியே இருந்தது. ஆனால் துளி பெருகவில்லை. ஒயிலையும் பில்டரையும் கொப்பியில் குறித்திருந்த மீட்டருக்கு முன்பே மாற்றினோம். கம்பியின் அளவு முதலில் மெதுவாக இறங்கியது, பிறகு கச்சேரிக்காரர் சொன்ன கணக்குக்கே வந்து நின்றது. இரண்டு மாதத்துக்கு அரை லீற்றர்.

இப்போதும் தெரிந்தவர்கள் பழைய டர்போ வண்டி பார்க்கப் போனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். குளிர்ந்த எஞ்சின், கறுத்த ஒயில், காய்ந்த குழாய் என்று அதே பட்டியல்தான். இருபதாவது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவரையே கொஞ்சத் தூரம் மேட்டில் ஓட்டச் சொல்லி, அவர் எப்படி நிறுத்துகிறார் என்று பார்ப்பேன். எதற்கு என்று கேட்பார்கள், வண்டியைத்தானே பார்க்க வந்தோம் என்பார்கள்.

தை மாதம் சித்தப்பா கொழும்பிலிருந்து கூப்பிட்டார். மைதானத்துக்குக் கீழேயுள்ள கடைத் தொலைபேசியில் அப்பா பேசினார், அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். இரும்புக் கடைக்காரர் இனியும் காத்திருக்கமாட்டாராம். மறுமுனையில் சித்தப்பா சொன்னதையெல்லாம் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"இல்ல தம்பி, வேற ஆள வச்சிக்கச் சொல்லுங்க" என்றார். "எனக்கு இங்க சாயங்காலம் மந்திரம் சொல்ற வேல இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலுக்கடியிலிருந்த பையை இழுத்தார். ஒரு நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஒயில் தகரம், புனல், துடைக்கிற பழந்துணி, கச்சேரிக் கொப்பி எல்லாம் அதில் சரியாக அடங்கின. வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் அதைத் தள்ளி வைத்தோம். வேன் இருந்த காலம் முழுக்க அது அங்கேதான் இருந்தது, தினமும் பதுளைக்குப் போய்விட்டு வந்தது.